காலி நாடாவின் விலை

இசைக்கருவிகளுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் காப்புறுதி எடுப்பது பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேச எனக்குக் கிடைத்தது எட்டு நிமிடம். அதில் பாதி, "காப்புறுதி என்றால் கார், உயிர், ஆஸ்பத்திரி, மத்தளத்துக்குமா?" என்று அரங்கில் எழுந்த சிரிப்பிலேயே போய்விட்டது. மற்றவர்களின் பேச்சை நேரம் பார்த்து நிறுத்துவதுதான் நிகழ்ச்சி அறிவிப்பாளரான என் தொழில். அன்று என்னையே நிறுத்தியபோதுதான் அந்தச் சங்கடம் புரிந்தது. விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தாய்மாமாவின் கதை. மாமா ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் குடியிருப்பவர். திருமணம், கோயில் திருவிழா, பிறந்தநாள் விருந்து என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் இசைக்குழு நடத்தியவர். வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு முட்டை அட்டை ஒட்டித் தொடங்கி, பிறகு நல்ல பஞ்சுப் பலகை அடித்து, சின்ன ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார். இரண்டு கீபோர்டு, மிக்சர், ஒலிபெருக்கிகள், மைக்குகள், ஒரு கணினி, அதோடு ஒட்டிய ஹார்ட் டிஸ்க். 2021 டிசம்பர் 18ஆம் தேதி வெள்ளம் வந்தது. கீழ்த்தளத்தில் இருந்தது ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாமாவும் அத்தையும் மாடியில் இரண்டு இரவு இருந்து, படகில் வெளியே வந்தார்கள்.

அந்த ஆண்டு இறுதியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் மாமாவின் மிக்சரும் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும்.

வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது என்ற தைரியத்தில் மாமா ஏஜண்டைக் கூப்பிட்டார். வந்தவர் நல்ல மனிதர். பத்திரத்தைப் புரட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அண்ணே, இது பேங்க் கடனுக்காகக் கட்டடத்துக்கு எடுத்த தீக் காப்புறுதி. வெள்ளம் இதுல சேர்க்கல. உள்ள இருக்கற சாமானும் இதுல வராது." மாமா கேட்டார்: "சாமானுக்குன்னு தனியா எடுத்திருந்தா?" ஏஜண்ட் கொஞ்சம் யோசித்தார். "வீட்டு சாமான் பாலிசின்னாலும் தொழிலுக்குப் பயன்படுத்தற பொருள் பெரும்பாலும் வராது அண்ணே. இது உங்க தொழில் சாமான் இல்லையா?"

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பதில் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் என் மனத்தில் ஒரு கேள்வி விழுந்தது. தீ வேறு, வெள்ளம் வேறு, வீட்டுச் சாமான் வேறு, தொழில் சாமான் வேறு என்று இப்படிக் கூறு போட்டது யார்? எப்போது? தேடிப் போனபோது என் தேடல் லண்டனில் ஒரு காப்பிக் கடையில் போய் நின்றது.

1666இல் லண்டன் மாநகரம் நான்கு நாள் எரிந்தது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அந்தச் சாம்பலில் இருந்துதான் இன்று நாம் அறிந்த தீக் காப்புறுதி முளைத்தது. நிக்கலஸ் பார்பன் என்பவர் 1680களின் தொடக்கத்தில் அங்கே வீடுகளுக்குத் தீக் காப்புறுதி விற்கத் தொடங்கினார். கவனியுங்கள், அவர் விற்றது வீட்டுக்குத்தான், உள்ளே இருந்த பொருளுக்கு அல்ல. பேங்க் கேட்டதற்காக மாமா எடுத்த பாலிசியின் பாட்டன் முப்பாட்டன் இதுதான்.

அதே காலத்தில் கப்பல்காரர்கள் கூடும் காப்பிக் கடை ஒன்றை எட்வர்ட் லாய்ட் என்பவர் நடத்தினார். 1688 வாக்கில் அந்தக் கடையைப் பற்றிய குறிப்பு கிடைக்கிறது. எந்தக் கப்பல் கிளம்பியது, எது மூழ்கியது என்ற செய்தியெல்லாம் காப்பியோடு பரிமாறப்பட்டது. கப்பல் உரிமையாளர் ஒரு தாளில் சரக்கையும் பயணத்தையும் எழுதி மேசை மேசையாகக் கொண்டு செல்வார். பணம் உள்ளவர்கள், ஆபத்தில் எத்தனை பங்கைத் தாங்க முடியும் என்று எழுதி, அந்தத் தாளின் அடியில் கையெழுத்துப் போடுவார்கள். காப்புறுதித் தொழிலில் இன்றும் 'அண்டர்ரைட்டர்' என்று ஒரு வேலை இருக்கிறதே, அந்தப் பெயரின் பொருள் இவ்வளவுதான்: அடியில் எழுதுகிறவர். அந்தக் காப்பிக் கடையே பின்னாளில் 'லாய்ட்ஸ்' என்ற உலகப் புகழ்பெற்ற காப்புறுதிச் சந்தையானது.

கடல் காப்புறுதியில் இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்த வழக்குகளையும் வழக்கங்களையும் தொகுத்து 1906இல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் போட்டார்கள். மலாயாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேயரின் வணிகச் சட்டங்களைப் பின்பற்றியதால், நம் பக்கத்துக் கடல் காப்புறுதிக்கும் அதுவே அடிப்படை. படிக்கச் சலிப்பூட்டும் சட்டம்தான். ஆனால் இசைக்கலைஞர் யாராவது படித்தால் இரண்டு இடங்களில் நிமிர்ந்து உட்காருவார்.

ஒன்று, பொருளின் மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடித்துப் பத்திரத்தில் எழுதிவிடலாம் என்ற விதி. பொருள் தொலைந்த பிறகு, "இது அவ்வளவு பெறாதே" என்று பேரம் பேச முடியாது. கப்பலுக்கென்று வந்த இந்த விதி, பழம்பெரும் வயலின்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. முந்நூறு ஆண்டுப் பழைய வயலினுக்குச் சந்தை விலை என்ன என்று கடையில் போய் விசாரிக்க முடியாதல்லவா?

இரண்டாவது, காப்புறுதி எதற்குப் பணம் கொடுக்காது என்ற பட்டியல். சாதாரணத் தேய்மானம், பொருளின் இயல்பாலேயே வரும் கேடு, எலியாலும் பூச்சிகளாலும் வரும் சேதம். ஆம், எலி சட்டத்திலேயே இருக்கிறது! கப்பலில் எலி இருப்பது கடல் உப்புக் கரிப்பதைப் போல. அது ஆபத்து அல்ல, இயற்கை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பின்னாளில் வந்த இசைக்கருவிப் பாலிசிகளிலும் இதே வரிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. தட்பவெப்பத்தால் மரம் வெடித்தால், தோல் தளர்ந்தால், பூச்சி அரித்தால் பொதுவாகப் பணம் இல்லை. குளிர் நாட்டு வயலினுக்கு இது எப்போதாவது வரும் தொல்லை. பலா மரத்தில் குடைந்து தோல் போர்த்திய தவிலை நம் ஊர் ஈரக் காற்றில் வைத்திருப்பவருக்கோ அன்றாடத் தொல்லை. எந்த ஆபத்துக்குப் பணம், எதற்கு இல்லை என்று முடிவு செய்த மேசையில் தவில்காரர் யாரும் உட்காரவில்லை.

தீயையும் கடலையும் தாண்டிக் காப்புறுதியை இழுத்து வந்ததில் லாய்ட்ஸைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத் என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1880களில் அவர் கடல் சாராத ஆபத்துகளுக்கும், திருட்டுக்கும், நகைகளுக்கும் காப்புறுதி எழுதத் தொடங்கினார். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது, பத்திர வாசகத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காமல் எல்லாருக்கும் முழுத்தொகையும் கொடுத்துவிடச் சொல்லி தம் முகவருக்கு அவர் தந்தி அடித்ததாகச் சொல்வார்கள். வைர அட்டிகைக்குத் திருட்டுக் காப்புறுதி உண்டென்றால் வயலினுக்கு ஏன் கூடாது? விலை உயர்ந்த, கையில் தூக்கிச் செல்லக்கூடிய, திருடனுக்கும் பிடித்த பொருள் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதானே! ஊர் ஊராகச் செல்லும் இசைமேதைகளின் வயலின்கள் இப்படித்தான் லாய்ட்ஸ் பத்திரங்களில் ஏறின.

அவற்றில் ஒன்றின் கதையை மேடையில் அரைகுறையாகச் சொல்லி முடித்தேன். இங்கே முழுவதுமாகச் சொல்ல விரும்புகிறேன்.

போலந்தில் பிறந்த புரோனிஸ்லாவ் ஹூபர்மன் உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர். அவரிடம் 1713இல் இத்தாலிய மேதை ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் ஒன்று இருந்தது. அது 1919இல் வியன்னா ஓட்டல் ஒன்றில் ஒருமுறை திருடு போய் உடனே கிடைத்தது. 1936 பிப்ரவரி 28ஆம் தேதி நியூயார்க் கார்னகி அரங்கில் கச்சேரி. அன்று அவர் வாசித்தது தம்முடைய மற்றொரு வயலினை. ஸ்ட்ராடிவாரியை ஒப்பனை அறையில் வைத்துவிட்டு மேடைக்குப் போனார். திரும்பி வந்தபோது பெட்டியில் அது இல்லை.

லாய்ட்ஸ் 30,000 அமெரிக்க டாலர் கொடுத்தது. ஹூபர்மன் 1947இல் காலமானார். வயலினை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

அது எங்கே போயிற்று? நியூயார்க்கில் உணவகங்களில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஜூலியன் ஆல்ட்மன் என்ற இளைஞரிடம். அவரே திருடினாரா, திருடியவரிடம் சில்லறைக் காசுக்கு வாங்கினாரா என்பதில் இருவேறு கதைகள் உண்டு. எப்படியோ, அதன் பளபளப்பை மறைக்க மேலே காலணி மையைப் பூசினார். பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அதை வாசித்தார்! வாஷிங்டனில் தேசிய சிம்பனி இசைக்குழுவிலும் அதை வைத்துத்தான் வாசித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவருக்கும் தெரியவில்லை. 1985இல் சாகும் தறுவாயில் மனைவியிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். வயலின் உறையைத் துழாவிய அந்த அம்மாளுக்கு, 1936ஆம் ஆண்டுத் திருட்டைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகள் கிடைத்தன.

இப்போது ஒரு கேள்வி. வயலின் யாருக்குச் சொந்தம்? ஹூபர்மன் இல்லை. திருட்டுப் பொருளுக்கு ஆல்ட்மன் குடும்பம் உரிமை கொண்டாட முடியாது. பதில்: லாய்ட்ஸ். இழப்புக்கு முழுத்தொகையும் கொடுத்துவிட்டால், பொருள் பிறகு கிடைத்தாலும் அது பணம் கொடுத்தவருக்கே போகும் என்பது, மூழ்கிய கப்பலின் சரக்கு கரை ஒதுங்கினால் என்ன செய்வது என்று யோசித்தவர்கள் வகுத்த முறை. 1987இல் லாய்ட்ஸ் அதைப் பெற்றுக்கொண்டது. கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக அந்த அம்மாளுக்கு 263,000 டாலர் கிடைத்தது. பிறகு நார்பர்ட் பிரைனின் என்ற கலைஞர் அதை 12 லட்சம் டாலருக்கு வாங்கினார். 30,000 கொடுத்த இடத்தில் 12 லட்சம், நாற்பது மடங்கு. 2001இல் ஜோஷுவா பெல் அதையே நாற்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான விலைக்கு வாங்கினார். இன்றும் அவருடைய கையில் அது பாடிக்கொண்டிருக்கிறது.

காப்புறுதிக்காரர்கள் எப்படியும் ஜெயிப்பார்கள் என்று அரங்கில் ஒருவர் சொன்னார். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்த வயலின் மரத்தால் ஆனது. அது ஒரு பொருள். தொலைந்தாலும் எங்கோ இருக்கும். இருந்தால் ஒரு நாள் கிடைக்கலாம். கிடைத்தால் விலை போகும். இந்தக் கணக்கு காப்புறுதிக்கு நன்றாகவே கைவந்துவிட்டது. ஒலியைப் பிடித்து வைக்கும் காலம் வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பம்.

நம் வட்டாரத்துக்கும் அந்தக் காலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அதே பயணத்தில் 1903இல் சிங்கப்பூரிலும் பதிவு நடந்தது. ஒலியைச் செதுக்கியது கனமான மெழுகுத் தட்டில். அந்தத் தட்டுகள் கப்பல் ஏறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போகவேண்டும்; அங்கே இசைத்தட்டாக அச்சாகித் திரும்பி வரவேண்டும். நம் வெயிலில் மெழுகு! பாடகர் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய குரல் மட்டும் பெட்டிக்குள் கடலில். கப்பல் மூழ்கினால் இழப்பு என்ன? இத்தனை பெட்டி, இத்தனை எடை, இன்ன விலை என்று மெழுகைக் கணக்கிடக் கடல் காப்புறுதிக்குத் தெரியும். குரலை எந்தப் பத்தியில் எழுதுவது?

அடுத்த அறுபது எழுபது ஆண்டு இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. ஒலிப்பதிவுக் கூடம் என்றால் பெரிய கம்பெனியின் கட்டடம் என்றுதான் இருந்தது. லண்டன் அபே ரோட் கூடம் 1931இல் திறந்தபோதும் சரி, பின்னர் வானொலி நிலையங்கள் எழுந்தபோதும் சரி, கூடத்துக்குக் காப்புறுதி என்பது தொழிற்சாலைக் காப்புறுதியைப் போலத்தான். ஆபத்து இல்லாமல் இல்லை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகர் கேளிக்கை மண்டபம் எரிந்தபோது, மேடையில் இருந்த பிராங்க் ஜப்பா குழுவின் கருவிகள் அத்தனையும் சாம்பலாயின. பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் மார்ட்டின் 1979இல் கரிபியன் தீவான மோன்ட்செராட்டில் கட்டிய ஏர் ஸ்டூடியோவை, 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அடித்து நொறுக்கியது. ஆனாலும் இவை பெரிய கைகளின் இழப்பு.

அதே 1989இல் சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் தம் வீட்டுக் கொல்லையில் ஒரு கூடம் கட்டினார். 1991இல் அமெரிக்காவின் அலெசிஸ் கம்பெனி 'அடாட்' என்ற பதிவுக் கருவியை அறிவித்தது. சாதாரண வீடியோ கேசட் போன்ற நாடாவில் எட்டுத் தடங்களை டிஜிட்டலில் பதியலாம். விலை 4,000 டாலருக்குள். அதுவரை கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தவர்கள், வீட்டு அறையைக் கூடமாக்கிக்கொண்டார்கள். பிறகு கணினி வந்து அதையும் மலிவாக்கியது. கிள்ளானிலும் ஈப்போவிலும் எத்தனை வீட்டு வரவேற்பறைகளில் எத்தனை உள்ளூர்ப் பாடல்கள் பிறந்தன என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

வீட்டுக்குள் தொழில் வந்து உட்கார்ந்தது. காப்புறுதிப் பத்திரத்தில் இருந்த பழைய கோடு மட்டும் நகரவில்லை. வீட்டுப் பாலிசி என்பது சோபா, டிவி, ஐஸ் பெட்டிக்கு. அதே அறையில் இருக்கும் கீபோர்டு குழந்தை பழகுவதாக இருந்தால் வீட்டுச் சாமான். அதில் வாசித்து ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு வெள்ளி வாங்கிவிட்டால் தொழில் சாமான். நம் இசைக்குழு நண்பர்கள் பலருக்கு இந்த ஒரு வரி தெரியாது. கருத்தரங்கு முடிந்து மண்டப வாசலில் என்னைச் சூழ்ந்துகொண்ட நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரியாத இன்னும் இரண்டு. கச்சேரி முடிந்து சாமானை வேனில் ஏற்றிவிட்டு, சாப்பாட்டுக் கடையில் இறங்குவோம் அல்லவா? ஆளில்லாத வாகனத்திலிருந்து திருடு போனால் பல பாலிசிகளில் பணம் இல்லை, அல்லது கடும் நிபந்தனை உண்டு. வேனுக்கு எடுத்த காப்புறுதி வேனுக்கு மட்டும்தான். அடுத்தது குறைத்துச் சொல்லும் பழக்கம். 40,000 வெள்ளி பெறுமான சாமானை, கட்டணத்தை மிச்சப்படுத்த 20,000 என்று எழுதுகிறோம். பிறகு 10,000 வெள்ளி சாமான் எரிந்துபோகிறது. பத்தாயிரமும் கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? பாதியைத்தான் காப்புறுதி செய்தீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்று 5,000 கொடுப்பார்கள். இது ஏமாற்று வேலை அல்ல; கப்பல் காலத்துப் பங்கு முறைதான். பத்திரத்தில் எழுதியும் இருக்கும், எறும்பு எழுத்தில்.

மாமாவுக்கு நேர்ந்தது உலகத்துக்கே புதிதும் அல்ல. அமெரிக்காவில் நாட்டுப்புற இசையின் தலைநகரமான நாஷ்வில், 2010 மே மாதத் தொடக்கத்தில் மூழ்கியது. இரண்டு நாளில் பதின்மூன்று அங்குலத்துக்கு மேல் மழை. கம்பர்லாந்து ஆறு மே 3ஆம் தேதி ஏறக்குறைய 52 அடியைத் தொட்டது. ஆற்றங்கரையில் 'சவுண்ட்செக்' என்ற பெரிய சேமிப்புக் கிடங்கு. கீத் அர்பன், வின்ஸ் கில், பிராட் பெய்ஸ்லி போன்றவர்களில் தொடங்கிக் கூலிக்கு வாசிக்கும் கலைஞர்கள் வரை அங்கேதான் கருவிகளை வைத்திருந்தார்கள். இசைக்கலைஞர் அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பும் அங்கே இருந்தது. தண்ணீர் வடிந்து உள்ளே போகச் சில நாள் பிடித்தது. உறைகளைத் திறந்தால் கித்தார்கள் ஒட்டு விட்டுத் தனித்தனிப் பலகையாகக் கிடந்தன. நகரின் புதிய சிம்பனி அரங்கின் அடித்தளத்தில் இரண்டு பெரிய ஸ்டெய்ன்வே பியானோக்கள் தண்ணீரில் அழிந்தன.

அங்கும் அதே பேச்சுதான்: வெள்ளம் தனி. அமெரிக்காவிலும் சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் சேராது. காரணம் கொடுமை அல்ல, கணக்கு. தீ ஒரு வீட்டைப் பிடிக்கும். வெள்ளம் ஊரையே பிடிக்கும். ஒரே நாளில் ஊர் முழுக்கப் பணம் கொடுக்கவேண்டிய ஆபத்தை, சேர்க்கை என்று தனியாக விலை பேசித்தான் கம்பெனிகள் ஏற்கின்றன. நம் நாட்டுத் தீக் காப்புறுதியிலும் அப்படித்தான். கூடுதல் கட்டணம் கட்டி வெள்ளத்தைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். பேங்க் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டை வாங்கிய அவசரத்தில் நாமும் கேட்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கருவிகளைப் பற்றி. மாமா அழுதது கருவிக்காக அல்ல. தண்ணீர் வடிந்த அன்று சேற்றில் இருந்து அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பொட்டிங்க போனா வாங்கிக்கலாம்மா. இதுலதான் அப்பா குரல் இருந்துச்சு." அப்பா என்றால் என் தாத்தா. தோட்டக் கோயிலில் திருவிழா தோறும் பாடியவர். அவர் பாடியதை எண்பதுகளில் யாரோ கேசட்டில் பிடித்திருந்தார்கள். மாமா அதைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றி வைத்திருந்தார். நாலைந்து உள்ளூர்ப் பாடகர்களின் மூலப் பதிவுகளும் அதே டிஸ்க்கில் இருந்தன. அவர்கள் யாரும் இன்று வரை மாமாவிடம் வந்து கேட்கவில்லை. அதுவே அவருக்கு அதிக வேதனை.

இதற்குக் காப்புறுதி என்ன சொல்கிறது? 2008 ஜூன் 1ஆம் தேதி விடியற்காலையில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. கூரை வேலை செய்தவர்கள் பயன்படுத்திய தீப்பந்தக் கருவியின் சூடு காரணம். கிங் காங் பொம்மை எரிந்ததை உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதே தீயில், யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்தின் மூல ஒலிநாடாக்கள் வைத்திருந்த கிடங்கும் எரிந்தது. அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே இல்லை. பதினொரு ஆண்டு கழித்து, 2019 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விரிவாக எழுதிய பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. நிறுவனத்தின் உள்ளறிக்கை ஒன்று, அழிந்த பாடல்கள் ஐந்து லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்ததாக அந்தக் கட்டுரை சொன்னது. அது மிகைப்படுத்தல் என்று நிறுவனம் மறுத்தது.

இழப்பீட்டுக் கதைதான் நமக்கு முக்கியம். இசை நிறுவனம் 2009இலேயே, கிடங்கு இருந்த வளாகத்தின் உரிமையாளர் மீது வழக்குப் போட்டிருக்கிறது, பின்னர் சமரசமாகியிருக்கிறது, காப்புறுதியிலும் பணம் கோரியிருக்கிறது. எரிந்தது யாருடைய குரலோ அந்தப் பாடகர்களுக்கு அப்படி ஒரு தீ நடந்ததே சொல்லப்படவில்லை. செய்தி வந்ததும் சவுண்ட்கார்டன் குழுவினர் உட்படச் சிலர், அந்தப் பணத்தில் எங்களுக்குப் பாதி வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். 2020இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். ஒப்பந்தப்படி நாடா நிறுவனத்தின் சொத்து. எரிந்த சொத்துக்கான பணம் சொத்துக்காரருக்கு. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஒரு பாடகரின் தொண்டையில் இருந்து வந்தது, பணம் கிடைக்கும் நேரத்தில் மட்டும் பிளாஸ்டிக் சுருளாகிவிடுகிறதே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

மாமாவின் மாதிரிச் சிறு கூடக்காரர்களுக்கு நிலைமை இன்னும் எளிது. பொதுவான சொத்துக் காப்புறுதிப் பத்திரங்களில் ஆவணங்கள், கணினிப் பதிவுகள் பற்றி ஒரு வரி இருக்கும். கொடுக்கப்படுவது அந்தப் பொருளின் மூலப்பொருள் விலையும், திரும்ப எழுதுவதற்கான கூலியும்; அதில் அடங்கிய விஷயத்தின் மதிப்பு அல்ல. அதாவது கணக்குப் புத்தகம் எரிந்தால் வெற்றுத் தாளின் விலை. ஒலிநாடா எரிந்தால் காலி நாடாவின் விலை. கணக்கைத் திரும்ப எழுதலாம். இறந்துபோன பாடகரைத் திரும்பப் பாடச் சொல்லி எந்த எழுத்தருக்குக் கூலி கொடுப்பது? பதிவை மீட்டெடுக்கும் செலவுக்கெனத் தனியாகச் சேர்க்கை எடுக்கலாம். ஆனால் அதுவும் மீட்கும் செலவுதான், குரலின் விலை அல்ல. வேறிடத்தில் ஒரு பிரதி இருந்தால் மட்டுமே அந்தச் சேர்க்கைக்கே பொருள் உண்டு. மாமாவிடம் பிரதி இருந்தது. அதே அறையில், அடுத்த அலமாரியில்.

போன வருடம் மாமா மறுபடி ஒரு சின்னக் கூடம் வைத்தார். இந்த முறை மாடியில். பழைய ஏஜண்ட்தான் வந்தார். தொழில் சாமான் என்றே பாலிசி, வெள்ளம் சேர்த்து. நானும் கூட இருந்தேன். ஒவ்வொரு கருவியையும் திருப்பித் திருப்பி அடியில் இருந்த வரிசை எண்ணை நான் படிக்க, அத்தை எழுதினார். படம் எடுத்தோம். ரசீது இருந்ததற்கு ரசீது. இரண்டு கீபோர்டு, மிக்சர், நான்கு மைக், ஓர் உருமி, ஒரு தவில். தவில் தோலுக்குப் பணம் வராது என்று ஏஜண்டே முந்திக்கொண்டு சொன்னார்.

பட்டியலின் கடைசியில் ஒரு கேசட். சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியம்மா வீட்டுத் தகரப் பெட்டியில், தாத்தா பாடியது என்று எழுதி ஒன்று கிடைத்திருந்தது. அதே பதிவா, வேறு ஆண்டுத் திருவிழாவா, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. நாடா பூஞ்சை பிடித்து ஒட்டியிருக்கிறது. முதல்முறை ஓட்டும்போதே அறுந்துவிடலாம் என்பதால், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மெதுவாகப் பிரித்தெடுக்கக் காத்திருக்கிறோம்.

ஏஜண்ட் படிவத்தில் அந்த வரிக்கு வந்து பேனாவை நிறுத்தினார். "இதுக்கு மதிப்பு எவ்வளவு போட அண்ணே?"

மாமா கேசட்டை வாங்கிப் பார்த்தார். "காலி கேசட்டு அப்ப மூணு வெள்ளி," என்றார். "மூணே போடு தம்பி." பிறகு அதைப் பட்டியலிலிருந்தே அடிக்கச் சொல்லிவிட்டு, என் கைப்பையில் போட்டு, "இது உன் வீட்டுல இருக்கட்டும்மா, ஒன்பதாவது மாடிதானே," என்றார்.